ஈரான்: கோட்டையும் கொட்டகையும்

தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியானது. ஹெச்.எம். ரெட்டி இயக்கி, டி.பி. ராஜலட்சுமி நடித்த அந்தப் படத்தைத் தயாரித்தவர் அர்தேஷிர் இரானி. பம்பாயில் இம்பீரியல் பிலிம் கம்பெனி நடத்திவந்தவர். நம் சினிமா வரலாற்று நூல்கள் எதிலும் விடுபடாத பெயர். அதே கம்பெனியில் இரண்டே ஆண்டுகள் கழித்து அவர் இன்னொரு மொழிக்கும் அதன் முதல் பேசும் படத்தை எடுத்துக் கொடுத்தார். மொழி பாரசீகம். படம் ‘லோர் பெண்’. 1933 இறுதியில் அது தெஹ்ரானில் திரையிடப்பட்டபோது, திரையிலிருந்து ஒரு பெண் தங்கள் மொழியில் பேசுவதை ஈரானியர்கள் முதன்முறையாகக் கேட்டார்கள்.

கதை எழுதி, நாயகனாகவும் நடித்தவர் அப்துல் ஹுசைன் செபந்தா. பழைய ஈரானின் வரலாற்றைப் படிக்கப் பம்பாய் வந்திருந்த இளைஞர். சாயாக்கடையில் ஆடிப் பிழைக்கும் கோல்னார். அவளைக் காதலிக்கும் ஜாஃபர் என்ற அரசு ஊழியன். இருவரையும் துரத்தும் கொள்ளைக்கூட்டம். உயிர் தப்பி இந்தியாவுக்கு ஓடும் காதலர்கள், ஊரில் புதிய ஆட்சி வந்து அமைதி திரும்பிவிட்டது என்று கேள்விப்பட்டதும் நாடு திரும்புகிறார்கள். அந்தப் புதிய ஆட்சி யாருடையது என்று பார்வையாளர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1921இல் படையோடு தெஹ்ரானுக்குள் நுழைந்து, 1925இல் அரியணை ஏறிய ரேஸா ஷா அப்போது ஆண்டுகொண்டிருந்தார். ‘நேற்றைய ஈரான், இன்றைய ஈரான்’ என்று படத்துக்கு இன்னொரு பெயரும் இருந்தது.

ஆக, முதல் பேசும் படமே ஆள்பவருக்கு ஆதரவாகப் பேசியது. அன்றிலிருந்து இன்றுவரை ஈரானில் எந்த ஆட்சியும் சினிமாவைச் சும்மா விட்டதில்லை. பணம் கொடுத்திருக்கிறது, பரிசு கொடுத்திருக்கிறது, சிறையிலும் போட்டிருக்கிறது. சில சமயம் மூன்றும் ஒரே ஆளுக்கே நடந்திருக்கின்றன. ஆட்சி ஊட்டி வளர்த்த கலைஞர்கள் அந்த ஆட்சிக்கே பதில் சொல்ல முடியாத கேள்விகளாக வளர்ந்து நின்றதுதான் ஈரான் சினிமாவின் கதை.

கோல்னாராக நடித்த ரூஹங்கிஸ் சாமிநெஜாதுக்குப் புகழோடு வசவும் வந்து சேர்ந்தது. முஸ்லிம் பெண் ஒருத்தி முக்காடில்லாமல் திரையில் தோன்றியதைப் பலரால் பொறுக்க முடியவில்லை. அவர் சீக்கிரமே நடிப்பை விட்டு, எஞ்சிய வாழ்க்கையை யார் கண்ணிலும் படாமல் கழித்தார். செபந்தாவுக்கு வேறு வகைச் சோதனை. கவிஞர் ஃபிர்தௌசியின் ஆயிரமாவது ஆண்டு விழாவையொட்டி அவர் எடுத்த படத்தில், கவிஞரை ஏமாற்றிய சுல்தான் மஹ்மூது வரும் காட்சிகள் ஷாவுக்குப் பிடிக்கவில்லை. மன்னன் ஒருவனைச் சிறுமையாகக் காட்டுவதாவது? காட்சிகளை மாற்றி எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பின்னர் ‘லைலா மஜ்னூன்’ படத்தோடு ஊர் திரும்பிய செபந்தா, ஈரானிலேயே ஒரு ஸ்டுடியோ அமைக்க அதிகாரிகளின் கதவுகளைத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் திறக்கவில்லை. அதன் பிறகு பத்தாண்டுகளுக்கு மேலாக ஈரானில் ஒரு கதைப்படம்கூட எடுக்கப்படவில்லை.

சினிமா அந்த நாட்டுக்கு வந்ததே அரண்மனை வழியாகத்தான். 1900இல் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த மன்னர் முஸஃபருத்தீன் ஷா, பிரான்சில் அசையும் படங்களைப் பார்த்து மயங்கி, உடன் வந்த அரண்மனைப் புகைப்படக்காரர் மிர்ஸா இப்ராஹிம் கானிடம் ஒரு கேமரா வாங்கச் சொன்னார். ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் நகர மலர்த் திருவிழாவில் பெண்கள் மன்னரின் வண்டிமீது பூச்செண்டுகளை வீச, அந்தக் காட்சியை இப்ராஹிம் கான் படம் பிடித்தார். ஈரானியர் ஒருவர் பிடித்த முதல் படச்சுருள் என்று அறியப்படுவது அதுதான்.

மக்களுக்கான கொட்டகை நான்கு ஆண்டுகள் கழித்து வந்தது. 1904இல், ரமலான் மாதத்தில், தெஹ்ரானில் சஹாஃப்பாஷி என்பவர் படம் காட்டத் தொடங்கினார். உலகம் சுற்றியவர், மன்னரின் அதிகாரத்துக்கு எல்லை வேண்டும் என்ற அரசியலமைப்பு இயக்கத்தின் ஆதரவாளர். கொட்டகை ஒரு மாத அளவுக்குத்தான் தாக்குப்பிடித்தது; கடைசியில் அவர் நாட்டையே விட்டுப் போக நேர்ந்தது. அவருக்குப் பின் வந்த ரூஸி கான் நேர் எதிர்த்தரப்பு. 1908இல் பாராளுமன்றத்தின்மீது பீரங்கி வைத்துச் சுட்ட முகமது அலி ஷாவுக்கு வேண்டியவர். அவருடைய கொட்டகைக்கு ரஷ்ய கோசாக் படையினரின் பாதுகாப்பு இருந்தது. அடுத்த ஆண்டு ஷா பதவி இழந்ததும் கொட்டகை சூறையாடப்பட்டது, ரூஸி கானும் வெளிநாடு போய்ச் சேர்ந்தார். தெஹ்ரானின் முதல் இரண்டு கொட்டகைக்காரர்களும், ஒருவர் மன்னருக்கு எதிராக நின்றும் மற்றவர் மன்னரோடு நின்றும், ஊரைவிட்டுப் போனார்கள். பின்னால் வரப்போகிற எத்தனையோ புறப்பாடுகளில் இவை முதல் இரண்டு.

மௌனப்பட காலத்தில் ஓவனெஸ் ஒஹானியன் என்ற ஆர்மீனியர் தெஹ்ரானில் ஒரு நடிப்புப் பள்ளி தொடங்கி, 1930இல் ஈரானின் முதல் கதைப்படமான ‘ஆபியும் ராபியும்’ எடுத்தார். அவருடைய அடுத்த படம் ‘சினிமா நடிகர் ஹாஜி ஆகா’ இன்று பார்த்தாலும் வியப்பூட்டுகிறது. சினிமாவே பாவம் என்று நினைக்கும் ஹாஜி ஒருவரை அவருக்குத் தெரியாமல் படம் பிடித்து, அவரையே திரையில் காட்டுகிறார்கள்; தன்னைத் தானே பார்த்த பெரியவர் மனம் மாறுகிறார். மதமும் சினிமாவும் மோதும் இடத்தைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தொட்ட படம். அதே சமயத்தில் ‘லோர் பெண்’ பேசிக்கொண்டிருந்ததால், மௌனமாக வந்த ஹாஜி ஆகா வசூலில் தோற்றார்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் ஈரானுக்குள் புகுந்தன. 1941இல் ரேஸா ஷா மகனிடம் முடியைக் கொடுத்துவிட்டு வெளியேறினார். 1948இல் இஸ்மாயில் கூஷான் ‘வாழ்க்கைப் புயல்’ என்ற படத்தைத் தயாரித்து, ஈரான் மண்ணிலேயே எடுக்கப்பட்ட முதல் பேசும் படத்தைத் தந்தார். 1953இல் எண்ணெய் வளத்தை நாட்டுடைமையாக்கிய பிரதமர் முசாதிக்கை அமெரிக்காவும் பிரிட்டனும் பின்னின்று கவிழ்த்தன. இளைய ஷாவின் பிடி இறுகியது. 1957இல் சாவாக் என்ற ரகசியப் போலீஸ் வந்தது. அடுத்த ஆண்டு ஃபர்ரூக் கஃபாரி தெற்குத் தெஹ்ரானின் ஏழ்மையைக் காட்டி எடுத்த ‘நகரின் தெற்கு’ சில நாட்களிலேயே திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் நெகடிவையும் வெட்டிச் சிதைத்தார்கள். எண்ணெய்ப் பணத்தில் மின்னும் நாட்டில் சேரி இருப்பதாகச் சொல்வது குற்றமாகிவிட்டது.

சேரியைப் பாட்டோடு காட்டினால் மட்டும் தடையில்லை. 1965இல் வந்த ‘காரூனின் புதையல்’ ஈரானைக் கலக்கியது. வாழ்க்கை வெறுத்து ஆற்றில் குதிக்கும் கோடீஸ்வரரை ஏழைத் தொழிலாளி ஒருவன் காப்பாற்றுகிறான். அவன் அவருடைய மகனேதான். மல்யுத்த வீரராக இருந்து நடிகரான ஃபர்தீன் அந்தப் படத்தோடு மக்களின் செல்லப்பிள்ளையானார். விமர்சகர்கள் இவ்வகைப் படங்களை ‘ஃபில்ம்ஃபார்ஸி’ என்று இகழ்ந்தார்கள். அந்த இகழ்ச்சியில் கொஞ்சம் அநியாயம் உண்டு. ஷாவின் நிலச் சீர்திருத்தத்துக்குப் பின் கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்து குவிந்த லட்சக்கணக்கானவர்களுக்குத் தங்கள் முகம் திரையில் தெரிந்தது அந்தப் படங்களில்தான்.

1969இல் தாரியுஷ் மெஹ்ர்ஜூயி ‘பசு’ எடுத்தார். கதை குலாம் ஹுசைன் சாஎதி எழுதியது. ஊரின் ஒரே பசுவுக்குச் சொந்தக்காரனான ஹசன் வெளியூர் போயிருக்கும்போது பசு செத்துவிடுகிறது. திரும்பி வந்தவன் துக்கத்தில் புத்தி பேதலித்து, தானே பசுவாகி வைக்கோல் தின்னத் தொடங்குகிறான். எஸத்துல்லா எந்தெஸாமி அந்தப் பாத்திரத்தில் வாழ்ந்திருக்கிறார் என்பது வழக்கமான பாராட்டு. இங்கே அது உண்மை. படத்துக்குப் பணம் கொடுத்தது கலாச்சார அமைச்சகம். எடுத்து முடித்ததும் நிறுத்தி வைத்ததும் அதே அமைச்சகம். இவ்வளவு வறுமையான கிராமம் ஷாவின் ஈரானில் எப்படி இருக்க முடியும்? கதை பல்லாண்டுகளுக்கு முன் நடந்தது என்று தொடக்கத்தில் ஓர் அட்டை சேர்க்க வேண்டியதாயிற்று. 1971இல் படச்சுருள் கள்ளத்தனமாக வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போய்ச் சேர்ந்தது. சர்வதேச விமர்சகர்கள் பரிசு கொடுத்தார்கள். அரசுப் பணம், அரசுத் தடை, வெளிநாட்டுப் பரிசு என்ற இந்த வரிசை அதற்குப் பின் எத்தனையோ முறை திரும்ப நடந்திருக்கிறது.

அதே காலத்தில் இன்னொரு விதையும் ஊன்றப்பட்டது. 1965இல் அரசி ஃபராவின் ஆதரவில் சிறுவர்களின் அறிவு வளர்ச்சிக்காக ‘கானூன்’ என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. நூலகங்கள், புத்தகங்கள், பிறகு திரைப்படப் பிரிவு. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த அப்பாஸ் கியரோஸ்தமி. 1970இல் அவர் எடுத்த முதல் குறும்படம் ‘ரொட்டியும் சந்தும்’: கையில் ரொட்டியோடு வீடு திரும்பும் சிறுவன், வழியை மறிக்கும் நாய், அவ்வளவுதான். அரசியின் ஆதரவில் பிறந்த கானூன் 1979 புரட்சிக்குப் பின்னும் பிழைத்துக்கொண்டது. முடியாட்சியும் இஸ்லாமியக் குடியரசும் ஒரே நிறுவனத்தின் மூலம் ஒரே கலைஞரை வளர்த்திருக்கின்றன.

1978 ஆகஸ்ட் 19. அபதான், தெற்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் ஊர். தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த ரெக்ஸ் திரையரங்கில் மசூத் கிமியாயியின் ‘மான்கள்’ ஓடிக்கொண்டிருந்தது. போதைக்கு அடிமையான ஒருவன், போலீசுக்குத் தப்பி வரும் பள்ளித் தோழனுக்கு அடைக்கலம் கொடுக்கும் கதை. அதன் முடிவைத் தணிக்கை மாற்ற வைத்திருந்தது. என்ன சொல்ல வந்த படம் என்பது மாற்றத்தையும் மீறி எல்லோருக்கும் புரிந்தது. படம் நடக்கும்போது கதவுகளுக்கு வெளியே தீ வைக்கப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் வெளியேற வழியில்லை. ஏறத்தாழ 400 பேர் கருகிச் செத்தார்கள்.

அந்த நாள் முசாதிக் கவிழ்க்கப்பட்டதன் 25ஆம் ஆண்டு நிறைவு. ஆகவே பழி உடனே சாவாக்கின்மீது விழுந்தது; ஷாவின் அரசோ மதவாதிகளைக் குற்றம் சாட்டியது. மக்கள் அரசை நம்பவில்லை. அதுவரை அரசியலில் ஒதுங்கியிருந்த அபதான் மக்கள், பிள்ளைகளைப் புதைத்த கையோடு தெருவில் இறங்கினார்கள். சுமார் ஒரு வாரத்தில் பிரதமர் அமூஸேகார் பதவி விலகினார். புரட்சி வென்ற பிறகு, உறவினர்கள் விடாமல் கேட்டதால், 1980இல் விசாரணை நடந்தது. தீ வைத்ததை ஒப்புக்கொண்டவன் மதச் சார்புள்ள எதிர்ப்பாளர்களோடு பழகியவன்; அவனுக்கு மரண தண்டனை நிறைவேறியது. அவனுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்ற கேள்வியை அந்த விசாரணை முழுதாகத் தொடவில்லை. ஒரு புரட்சி திரையரங்கத் தீயில் வேகம் பெறுவது உலக வரலாற்றில் அரிது. ஷா வெளியேறியபோது நாடெங்கும் சுமார் 180 திரையரங்குகள் எரிந்தோ இடிந்தோ பூட்டியோ கிடந்தன. புரட்சிக்காரர்கள் பலருக்குக் கொட்டகை என்றால் மேற்கத்திய ஒழுக்கக்கேட்டின் வாசல்.

ஆகவே 1979 பிப்ரவரி 1 அன்று நாடு திரும்பிய புரட்சித் தலைவர் கோமெய்னி, விமான நிலையத்திலிருந்து நேரே பெஹெஷ்தே ஸஹ்ரா கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஆற்றிய முதல் உரையில் சினிமாவைப் பற்றிப் பேசியது முக்கியமானது. சினிமாவை நாங்கள் எதிர்க்கவில்லை, அதைத் தவறாகப் பயன்படுத்துவதைத்தான் எதிர்க்கிறோம் என்பது அவர் சொன்னதன் சாரம். பின்னர் தொலைக்காட்சியில் ‘பசு’ பார்த்து அதைப் பயனுள்ள படம் என்று அவர் பாராட்டியதாகச் சொல்வார்கள். ஷாவின் அமைச்சகம் அமுக்கி வைத்த படம், ஷாவைத் துரத்தியவரின் ஆட்சியில் சினிமா உயிர் பிழைக்கக் காரணங்களில் ஒன்றானது.

உயிர் பிழைத்ததே தவிர உருவம் மாறியது. பழைய ஈரானியப் படங்கள் 2,208 மறுபரிசீலனைக்கு எடுக்கப்பட்டதில் 1,956 படங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. பாடகி கூகூஷ் நடிக்கவும் பாடவும் முடியாமல் வீட்டோடு இருந்தார். நடிகர் பெஹ்ரூஸ் வொசூகி அமெரிக்காவில் தங்கிவிட்டார். நாட்டிலேயே இருந்த ஃபர்தீனுக்கு 1982இல் ஒரே ஒரு படம் வாய்த்தது. அதற்குக் கூட்டம் அலைமோதியதைப் பார்த்துப் படத்தையும் எடுத்தார்கள், அவரையும் திரையிலிருந்து எடுத்தார்கள். 2000இல் அவர் இறந்தபோது இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். பதினெட்டு ஆண்டுகள் திரையில் தோன்றாத நடிகருக்கு.

1982இல் கலாச்சார அமைச்சராக வந்தவர் முகமது கத்தாமி. மதகுரு, தத்துவம் படித்தவர், சினிமாவின் வலிமை தெரிந்தவர். அடுத்த ஆண்டு ஃபராபி சினிமா நிறுவனம் தொடங்கப்பட்டது. வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதி அரசின் கைக்கு வந்தது. ஹாலிவுட்டும் இந்திப் படங்களும் ஒதுங்கிய இடத்தில் உள்ளூர்ப் படங்களுக்கு இடம் கிடைத்தது. கேமரா, படச்சுருள், கடன் எல்லாம் ஃபராபி வழியாக. கூடவே நான்கு கதவுகள்: கதைச் சுருக்கத்துக்கு ஓர் அனுமதி, திரைக்கதைக்கு ஒன்று, நடிகர்கள் மற்றும் தொழில்நுட்பக் கலைஞர்களின் பட்டியலுக்கு ஒன்று, முடிந்த படத்துக்கு ஒன்று. பெண்கள் வீட்டுக்குள்ளும், படுக்கையிலும்கூட முக்காட்டோடு தோன்ற வேண்டும். கணவனும் மனைவியுமாக நடிப்பவர்கள் விரல் நுனியால்கூடத் தொட்டுக்கொள்ளக் கூடாது. தாய் மகனை அணைக்க முடியாது. நிஜத்தில் அவர்கள் அன்னியர் அல்லவா?

வயது வந்தவர்களின் அன்பைக் காட்ட வழியில்லாத நிலையில் கேமரா குழந்தைகளிடம் போனது. அமீர் நாதிரியின் ‘ஓடுபவன்’, கியரோஸ்தமியின் ‘நண்பனின் வீடு எங்கே?’ போன்ற படங்கள் உலகை ஈர்த்த பின்னணி இது. இவற்றைக் கவிதை என்று மட்டும் பாராட்டிவிட்டுப் போவது பாதிப் பாராட்டு. தவறுதலாகத் தன் பையோடு வந்துவிட்ட நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க ஊர் ஊராக அலையும் சிறுவனும், அவன் சொல்வதைக் காதில் வாங்காமல் கீழ்ப்படிதலையே போதிக்கும் பெரியவர்களும் 1987இல் ஈரானியர்களுக்கு வெறும் கிராமத்துக் கதையாகத் தோன்றியிருக்க முடியாது.

இந்த வரிசையில் தனித்து நிற்பது பஹ்ராம் பெய்சாயியின் ‘பாஷு, சின்ன அன்னியன்’. ஈராக்கோடு நடந்த போரில் தெற்கே பெற்றோரை இழந்த கறுத்த நிறச் சிறுவன் லாரியில் ஒளிந்து வடக்கே கிலான் பகுதிக்கு வந்து சேர்கிறான். அவன் பேசுவது அரபு. அங்கே பேசுவது கிலாக்கி. நாயி என்ற விவசாயப் பெண், ஊர் வாயையும் மீறி அவனைத் தன் பிள்ளையாக்கிக்கொள்கிறாள். நாயியாக நடித்த சூசன் தஸ்லிமி முதன்முதலில் வயலிலிருந்து எழுந்து கேமராவை நேருக்கு நேர் பார்க்கும் அந்தப் பார்வை ஈரான் சினிமாவின் மறக்க முடியாத தருணங்களில் ஒன்று. முகமும் கையும் தவிர எதுவும் காட்டக் கூடாது என்ற விதிக்குள் கண்களாலேயே ஒரு முழுப் பெண்ணை அவர் எழுப்பினார். போர்க்காலத்தில் வீரத்தைப் பாடாமல் அகதியைக் காட்டிய படம் கிடப்பில் போடப்பட்டது. போர் 1988இல் நின்றது, படம் மறு ஆண்டு வெளியானது. தஸ்லிமி அதற்குள் ஸ்வீடனுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்.

அரசு விரும்பிய போர்ப் படங்களும் வந்தன. முர்தஸா ஆவினி போர்முனையிலிருந்தே ஆவணப்படத் தொடர் எடுத்தார். 1993இல் பழைய போர்க்களத்தில் படப்பிடிப்பின்போது கண்ணிவெடியில் இறந்தார். இந்த மரபில் வந்த இப்ராஹிம் ஹாத்தமிகியாவின் ‘கண்ணாடி ஏஜென்சி’ 1998இல் எல்லோரையும் உலுக்கியது. சாகக் கிடக்கும் தோழனைச் சிகிச்சைக்கு லண்டன் அனுப்பப் பணமில்லாத முன்னாள் போர்வீரன், பயண ஏஜென்சியில் இருப்பவர்களைப் பணயக் கைதிகளாகப் பிடிக்கிறான். போரை நம்பியவர்களையே குடியரசு மறந்துவிட்டது என்று குடியரசின் சொந்தக் கலைஞர் சொன்னார்.

புரட்சியின் பிள்ளைகள் எப்படி மாறினார்கள் என்பதற்கு மொஹ்சென் மக்மல்பஃபைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. 1974இல், 17 வயதில், ஷாவின் போலீஸ்காரர் ஒருவரின் துப்பாக்கியைப் பறிக்கப் போய் அவரைக் கத்தியால் குத்தினார். தானும் குண்டடி பட்டுச் சிறை போனார். புரட்சி அவரை விடுவித்தது. ஆரம்பத்தில் மதப் பிரசாரப் படங்கள் எடுத்தவர், பிறகு மெல்ல மெல்லக் கேள்வி கேட்பவரானார். இருபது ஆண்டுகள் கழித்து அவர் நடிகர் தேர்வு நடத்தியபோது, அன்று குத்துப்பட்ட அதே போலீஸ்காரர் வாய்ப்புக் கேட்டு வந்து நின்றார். அதிலிருந்து பிறந்தது 1996இல் வந்த ‘ஒரு கணத்தின் வெகுளித்தனம்’. இருவரும் தத்தம் இளமையை நடிக்க ஆளுக்கொரு இளைஞனைத் தேர்ந்தெடுத்து, அந்த நாளைத் திரும்பக் கட்டுகிறார்கள். இளம் மக்மல்பஃபாக நடிக்கும் பையன் கத்தியைக் கையில் எடுக்க முடியாமல் அழுகிறான். கடைசியில் நீட்டப்படுவது ரொட்டியும் பூச்செடியும். தன் வன்முறையைப் புரட்சியின் பெயரால் நியாயப்படுத்த மறுத்த இந்தப் படத்துக்கும் தடை விழுந்தது. 2005இல் அஹமதிநிஜாத் அதிபரான பிறகு மக்மல்பஃப் நாட்டை விட்டே போனார்.

இதற்கிடையே ஒரு வசந்தம் வந்து போயிருந்தது. தாராளமாக நடந்துகொள்கிறார் என்ற எதிர்ப்பால் 1992இல் அமைச்சர் பதவி விலகிய கத்தாமி, 1997 மே 23 அன்று சுமார் 70 சதவீத வாக்குகளோடு அதிபராகத் தேர்வானார். திரைத்துறையினர் பலர் அவருக்காக வேலை செய்திருந்தார்கள். சரியாக ஐந்து நாட்களுக்கு முன் கியரோஸ்தமியின் ‘செர்ரியின் சுவை’ கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பகிர்ந்துகொண்டிருந்தது. விருது வழங்கிய பிரெஞ்சு நடிகை கேத்தரின் தெனுவ் மேடையில் அவர் கன்னத்தில் முத்தமிட, தெஹ்ரானில் கொதிப்பு எழுந்து, அவர் தன் திரும்புதலைத் தள்ளிப்போட நேர்ந்தது. உலகின் உச்ச விருதைவிட ஒரு முத்தம் பெரிய செய்தியான வாரம் அது. ரக்‌ஷான் பனி எத்தெமாத், தஹ்மினே மிலானி போன்ற பெண் இயக்குநர்கள் ஓங்கி எழுந்ததும் இந்தக் காலத்தில்தான். மிலானியையும் 2001இல் ஒரு படத்துக்காகக் கைது செய்தார்கள். அவர் வெளியே வர அதிபரே பேச வேண்டியிருந்தது. 2004இல் கமால் தப்ரீஸியின் ‘பல்லி’ வந்தது. சிறையிலிருந்து முல்லாவின் அங்கியில் தப்பும் திருடன், போகுமிடமெல்லாம் மதகுருவாக மதிக்கப்பட்டு மெல்லத் திருந்துகிறான். ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சில வாரங்களில் படம் திரையரங்குகளிலிருந்து காணாமல் போனது.

2009இல் அஹமதிநிஜாத் மீண்டும் வென்றதாக வந்த தேர்தல் முடிவை எதிர்த்துத் தெருக்கள் பச்சை நிறத்தில் நிரம்பின. ‘வட்டம்’ படத்துக்காக 2000இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வென்ற ஜாஃபர் பனாஹி அந்த எதிர்ப்போடு நின்றவர்; 2010 மார்ச்சில் கைதானார். ஆண்டு இறுதியில் ஆறு ஆண்டு சிறையும், இருபது ஆண்டு படமெடுக்கத் தடையும் தீர்ப்பாயின. அவர் வீட்டுக்குள்ளேயே, எடுக்க முடியாமல் போன படத்தைக் கம்பளத்தில் கோடு போட்டு விவரித்தபடி, ‘இது படமல்ல’ என்ற படத்தை எடுத்தார். அது கேக்குக்குள் மறைத்த பென் டிரைவில் கான் போய்ச் சேர்ந்தது. பின்னர், டாக்ஸி ஓட்டுநராகத் தானே உட்கார்ந்து ஒரு முழுப் படம்.

அஸ்கர் ஃபர்ஹாதி வேறு வழியில் போனார்: அனுமதி பெற்று, விதிகளுக்குள் நின்று, நடுத்தரக் குடும்பங்களின் பொய்களைக் காட்டினார். அவரையும் விடவில்லை. 2010இல் ஒரு விழாவில் பனாஹியும் மக்மல்பஃபும் மீண்டும் நாட்டில் படமெடுக்க வேண்டும் என்று பேசியதற்காக, அப்போது எடுத்துக்கொண்டிருந்த ‘ஒரு பிரிவு’ படத்தின் அனுமதி பறிக்கப்பட்டது. அவர் விளக்கம் கொடுத்த பின் திரும்ப வந்தது. 2012 ஜனவரியில் திரைத்துறையினரின் பொதுச் சங்கமான சினிமா இல்லத்தை அரசு மூடியது. பிப்ரவரியில் ஈரானுக்கு முதல் ஆஸ்கர் கிடைத்தது, அதே ‘ஒரு பிரிவு’ படத்துக்கு.

2022 மே மாதம் அபதானில் கட்டி முடிக்காத பத்து மாடிக் கட்டடம் இடிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போராடிய மக்கள்மீது பாதுகாப்புப் படை பாய்ந்தபோது, துப்பாக்கியைக் கீழே போடுங்கள் என்று திரைக் கலைஞர்கள் பலர் அறிக்கை விட்டார்கள். அதற்காக முகமது ரசூலாஃப் கைதானார். அவரைப் பற்றி விசாரிக்கப் போன பனாஹியையும், பழைய தண்டனை பாக்கியிருக்கிறது என்று உள்ளே தள்ளினார்கள். அதே ஆண்டு, எண்பது வயது கடந்த மெஹ்ர்ஜூயி தன் ‘லா மைனர்’ படத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டதை எதிர்த்து வீடியோவில் ஆவேசமாகப் பேசினார். ‘பசு’வுக்கு முடியாட்சியோடு போராடியவர், அரை நூற்றாண்டு கழித்துக் குடியரசோடு அதே போராட்டத்தில் நின்றார். 2023 அக்டோபரில் அவரும் அவருடைய மனைவியும் வீட்டில் கொலையுண்டார்கள்.

செப்டம்பர் 2022இல், முக்காடு சரியில்லை என்று பிடிக்கப்பட்ட இளம்பெண் மஹ்சா அமினி காவலில் இறந்த பின், சினிமாவின் விதி முக்காட்டிலேயே உடைந்தது. நடிகை தரானே அலிதூஸ்தி முக்காடில்லாத தன் புகைப்படத்தை வெளியிட்டுச் சிறை போனார். பல நடிகைகள் அனுமதியுள்ள படங்களில் நடிக்க மறுத்தார்கள். இன்று ஈரானில் இரண்டு சினிமா இருக்கின்றன. ஒன்று அனுமதி பெற்றுத் திரையரங்கில் ஓடுவது. அங்கே வசூலைக் குவிப்பவை பெரும்பாலும் நகைச்சுவைப் படங்கள். இன்னொன்று சிறு குழுவோடு, சிறு கேமராவோடு, அனுமதி கேட்காமல் எடுக்கப்படுவது. ரசூலாஃப் எட்டு ஆண்டு சிறைத் தண்டனை உறுதியானதும் 2024இல் மலைகளைக் கால்நடையாகக் கடந்து தப்பி, ‘புனித அத்தியின் விதை’யோடு கானில் போய் நின்றார்.

பனாஹி மட்டும் போகவில்லை. தடை நீங்கிய பிறகும் அனுமதிக்கு விண்ணப்பிக்காமல் எடுத்த ‘அது வெறும் விபத்து’ படத்தில், முன்னாள் கைதிகள் சிலர் தங்களைச் சித்திரவதை செய்தவன் என்று சந்தேகிக்கும் ஒருவனைச் செயற்கைக் காலின் சத்தத்தை வைத்து அடையாளம் காண்கிறார்கள். அவன்தானா, அவனை என்ன செய்வது என்பதுதான் படம். 2025 மே மாதம் அதற்குத் தங்கப்பனை கிடைத்தது. ஒடுக்குமுறைக்கு எதிரான செயல் என்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பாராட்டியதும், தெஹ்ரான் பிரெஞ்சுத் தூதரக அதிகாரியை அழைத்துக் கண்டனம் தெரிவித்தது. பனாஹி அடுத்த விமானங்களில் ஒன்றைப் பிடித்துத் தெஹ்ரான் திரும்பினார். விமான நிலையத்தில் அவரை வரவேற்க ஒரு கூட்டம் கைதட்டிக்கொண்டு காத்திருந்தது.